மஞ்சப்பைக்குள் போன பேன் பெல்ட்

பிள்ளைகளே, நான் நாலாவது படிக்கும்போது எங்கள் நைனா ஒரு பழைய வேன் வைத்திருந்தார். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களை ஏற்றுவார், கல்யாண சவாரி போவார். ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் அந்த வேன் கத்த ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினதும், உள்ளே யாரோ பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு கீச்சல். விளக்கைப் போட்டால் இன்னும் கூடும். தெருக் கோழியெல்லாம் ஓடும்.

இஞ்சின் சுற்றும்போது கூடவே காற்றாடியையும் டைனமோவையும் சுற்ற வைக்கிற ரப்பர் பட்டைக்குப் பேன் பெல்ட் என்று பேர். அது வழுக்கினால் கத்தும். புது பெல்ட் கத்தவே கத்தாது என்பது நைனாவின் கணக்கு. பூசைக்குக் கொஞ்சம் முன்னால்தான் புதுசு வாங்கிப் போட்டிருந்தார். அப்படியானால் இது அந்த பெல்ட் இல்லை. யாரோ அதைக் கழற்றி விற்றுவிட்டுப் பழசை மாட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ, மாமாதான். அம்மாவின் தம்பி. பனமலையிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, நைனாவுக்கு மாற்றாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பூசை முடிந்த கையோடு தளவானூருக்கு மாப்பிள்ளை வீட்டு சவாரி ஓட்டியவரும் அவரே. போதாதா?

ஆனால் பெண்டாட்டியின் தம்பியைப் பார்த்து 'நீ எடுத்தியா' என்று கேட்க எங்கள் பக்கம் எந்த ஆம்பளைக்கும் வாய் வராது. கேட்டுவிட்டால் அவர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வாசல் அதோடு அடைந்துபோகும். அதனால் நைனா சுற்றிச் சுற்றிப் பேசினார்.

"இந்தக் காலத்துல புது சாமான எடுத்துட்டு பழச வெச்சிட்டு போயிட்றானுங்க மச்சான்" என்றார் சாப்பிடும்போது.

"ஆமா மச்சான். எங்க அக்கா போட்ட ஊறுகாயிலகூட அப்பிடித்தான் யாரோ மாத்தியிருக்காங்க" என்றார் மாமா. அம்மா கரண்டியை ஓங்கினாள். நைனா மட்டும் சிரிக்கவில்லை.

கை கழுவும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாமா கூடவே இருக்க வேண்டும், அவர் இன்னா செய்கிறார், எங்கே போகிறார், ஒன்றுவிடாமல் வந்து சொல்ல வேண்டும், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ் உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை நைனா வேன் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தார். மாமா வேனைக் கிளப்பி, இஞ்சின் மூடியைத் திறந்தார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, கையை எட்ட வைத்துக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டின் மேல் கொஞ்சமாகத் தெளித்தார். கீச்சல் சட்டென்று நின்றது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் திரும்பவும் வந்துவிட்டது.

"தண்ணி பட்டு சத்தம் கூடியிருந்தா பெல்ட் தொளதொளன்னு இருக்குதுன்னு அர்த்தம் மாப்ள. அடங்கிட்டு திரும்ப வருது பாரு, இது வேற" என்றார். இஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இழுவை சரியாகத்தான் இருந்தது. என் பள்ளிக்கூடத்து மரஸ்கேலை வாங்கி, பெல்ட் ஓடுகிற சின்னச் சக்கரங்களின் மேல் வைத்து, எல்லாம் ஒரே நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் சரி. பிறகு பெல்ட்டின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவி, மோந்து பார்த்தார். எனக்கும் நீட்டினார்.

"இன்னா வாசனை?"

"தோசை வாசனை."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

திருடர்கள்தானே அப்படிச் சொல்வார்கள்? அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குக் கள்ள வேலையாகவே தெரிந்தது. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றினார். சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தார். கடைக்குப் போய் வேறு புது பெல்ட் வாங்கி வந்து மாட்டி, டைனமோவை நெம்பி இழுத்து முறுக்கினார். கழற்றினதை மஞ்சப்பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, சைக்கிளை எடுக்கும் முன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

நான் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மாமா சைக்கிளுக்குக் காற்றடித்து முடிப்பதற்குள் நைனா வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். "பையில இன்னா மச்சான்?"

அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். தம்பியைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள். மாமா பையை நீட்டினார்.

நைனா பெல்ட்டை வெளியே எடுத்துத் திருப்பினார். அதன் முதுகில், அவர் கையால் வைத்த பூசைக் குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் வாங்கிய அதே பெல்ட். அது அவர் பிடியில் நிற்காமல் வழுக்கியது. நைனா தன் விரல்களைப் பார்த்தார். மெதுவாக மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

மாமா முந்திக்கொண்டார். "கடைக்காரன் டூப்ளிகேட்டு குடுத்துட்டான் மச்சான். அவன் மூஞ்சியிலயே போட்டுட்டு வரலாம்னு எடுத்துனு போறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் நைனா! அதுல நல்லெண்ண! நீ பளபளன்னு இருக்கணும்னு இஞ்சினு பூரா தடவினியே, அந்த நல்லெண்ண!"

நங்கென்று என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. மாமா இல்லை, நைனாதான்.

"டூப்ளிகேட்டுதான். பாத்தாலே தெரியுதே" என்றார் நைனா, யாரையும் பார்க்காமல். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிரீஸ் கையோடு நின்ற மாமாவுக்கு நைனாவே சோப்பு எடுத்துக் கொடுத்து, மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றினார்.

ஒன்றுவிடாமல் சொல் என்றவரே, சொன்னதற்குக் குட்டினார். நான் எதையோ சரியாகக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேவு பார்த்தது போதும் என்று நைனாவும் சொல்லவில்லை. அதனால் மறுநாளும் மாமா பின்னாலேயே போய், அவர் எங்கே நின்றார், யாரிடம் பேசினார் என்று முன்னைவிடக் கவனமாகப் பார்த்து வந்து, நைனா காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "சரிடா, சரிடா" என்றார்.