ஒரு முழத் தூரம்

நனைந்த கோணிப்பையைக் கையில் பிடித்தபடி கறுத்த மணல் வட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைப் பந்து. அதற்கும் குழிக்கும் நடுவே ஒரு முழத் தூரம். குழந்தை தவழ்ந்து போய்க் கையால் தள்ளிவிட்டு வந்துவிடலாம். அந்த ஒரு முழத்தில்தான் என் அக்காவின் குடித்தனம் அன்றைக்கு மாட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குச் சில வருஷங்கள் முன்னால் நடந்தது இது. சூரமங்கலத்தில் ரயில்வே அதிகாரிகளுக்கென்று ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. மைதானம் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். மழை பெய்தால் கொஞ்ச நாள் புல் தெரியும். மற்றபடி ஓடைக்கல்லும் கிளுவை வேலியும்தான். குழியைச் சுற்றிப் பச்சைப் புல் வளர்க்க வேண்டுமென்பது சீமை வழக்கம். நம் மண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் எஞ்சின் ஷெட்டில் கழித்துவிட்ட எண்ணெயை மணலில் குழைத்து, வட்டமாகக் கெட்டித்து வைத்திருந்தார்கள். அதன்மேல் நடந்தால் தடம் விழும். எனவே பந்தைக் குழிக்குள் தள்ளுவதற்கு முன், மட்டைப் பையைச் சுமக்கிறவன் பந்திலிருந்து குழிவரை ஒரு கோணிப்பையை இழுத்துத் தடத்தை அழிக்க வேண்டும். அன்றைக்குப் பை சுமந்தவன் நான். ஆடியவர் என் அக்காள் புருஷன்.

மச்சானுக்குப் பரமத்தி வேலூர். வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். அண்ணனோடு ஒத்துப்போகாமல் கிளம்பி வந்து, மைதானத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். அங்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கிழட்டுத் துரையின் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். துரை சீமைக்குத் திரும்பியபோது வேலை இவருக்கு வந்தது. வேலையோடு இரண்டு அறை வீடும் வந்தது. அவருடைய அண்ணன் மட்டும் சந்தைக்கு வரும்போதெல்லாம், “குச்சியில உருண்டை தட்டறதுக்குச் சம்பளமாடா? எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன். திரும்பி வந்தீன்னா கொடிக்கால்ல கூலிக்குத்தான் நிக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

நான் அதே ஊரில் சரக்கு ஆபீஸ் குமாஸ்தா. விடியற்காலையில் பயிற்சித் திடலுக்குப் போய் மச்சானிடம் நானும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பது பெரிய வார்த்தை. பந்தை விட்டுவிட்டு மண்ணை வெட்டுவேன். மண்ணை விட்டால் காற்றை வெட்டுவேன். ஆனாலும் மச்சான் என்னை விரட்டவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. புதிதாகப் பழக வருகிற அதிகாரிகளும் அவர்களுடைய சம்சாரங்களும் கூச்சப்படுவார்களாம். ஓரத்தில் நான் ஆடுவதைப் பார்த்ததும் அவர்களுக்குத் தங்கள்மேல் தானாகவே நம்பிக்கை பிறந்துவிடுமாம்.

அவர் சொல்லிக்கொடுத்து ஆடாதவர்கள் என் ஒருவனைத் தவிர யாருமில்லை. ஆனால் அவருக்கு ஒரு வியாதி. அடித்துக் காட்டச் சொன்னால் தவறாது. எத்தனை அடி என்று யாராவது எண்ண ஆரம்பித்துவிட்டால், குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கை நடுங்கும். தூரம் குறையக் குறைய நடுக்கம் கூடும். ஊரார் அறிந்த ரகசியம் இது. மைதானத்து நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த காரியதரிசி துரையின் காதுக்கும் போயிற்று.

“சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஆடத் தெரிய வேண்டாமா?” என்று அவர் கேட்டார். அநியாயமான கேள்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீந்தத் தெரியாதவன் காவேரிக் கரையில் நின்றுகொண்டு நீச்சல் பழக்கினால் நானே இறங்கமாட்டேன். ஒன்பது குழியையும் நாற்பத்தைந்து அடிக்குள் முடித்தால் வேலை. ஒன்று கூடினாலும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரே ஒரு தரம்தான். துரையே கூட நடந்து எண்ணுவார்.

அன்று காலை நான் அழைக்கப் போனபோது அக்கா பாத்திரங்களை ஒரு சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “ஜெயிச்சா பிரிச்சுக்கலாம். தோத்துட்டு வந்து எடுத்து வெக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. ஆனா அவரு அண்ணன் ஊட்டுக்கு நான் போகமாட்டேன், பாத்துக்க” என்றாள். சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினாள்.

தூரத்து அடிகளையெல்லாம் மச்சான் அழகாகத்தான் அடித்தார். பந்து ரயில் பாதைப் பக்கம் வளைந்து போய் அடக்கமாக வந்து இறங்கும். வட்டத்துக்குள் வந்ததும் வியாதியும் வந்துவிடும். ஒவ்வொரு குழியிலும் ஓர் அடி வீண். துரை விரலை மடக்குவார். வேடிக்கையாக ஏதாவது சொல்லி மச்சானைச் சிரிக்கவைக்கலாமென்று வாயைத் திறந்தேன். “மாப்ள, பேசாம வா” என்றார். பேசாமல் வருவதைவிட எனக்கு அந்தப் பையைப் பல்லில் கவ்விக்கொண்டு வருவது சுலபம்.

கடைசிக் குழிக்கு வந்தபோது கணக்கில் ஐந்தே அடி மிச்சம். மூன்றாவது அடியில் பந்து கிளுவை வேலியை உரசிக்கொண்டு தப்பியது. நான்காவது அடியில் வட்டத்துக்குள் வந்து, குழிக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றுவிட்டது.

நான் கோணிப்பையை இழுத்துவிட்டு ஒதுங்கினேன். மச்சான் குனிந்தார், நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். மணிக்கட்டு ஆடியது. மட்டையின் முனை மணலைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. இந்த நிலையில் அடித்தால் பந்து எங்கே போகும் என்று முந்தின எட்டுக் குழிகளிலும் பார்த்தாயிற்று.

யோசித்து ஒரு காரியம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம் தாங்காமல் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஏனுங் மச்சான், இத எப்புடித்தான் அடிக்கோணும்? எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலீங்க.”

துரை திரும்பி என்னை முறைத்தார். மச்சானும் முறைத்தார். “கேக்கற நேரமாடா இது?” என்றார். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அந்த மனுஷரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தோள் லேசாகத் தளர்ந்தது.

“எத்தன வாட்டி சொல்றது உனக்கு? கால நல்லா ஊனிக்கோ. இது அடிக்கறதே இல்ல மாப்ள, தள்றது. சாப்படறவங்க பக்கம் தண்ணிச் சொம்ப நவுத்தி வெப்பீல்ல, அந்த மாதிரி.”

“கண்ணு எங்கீங்க இருக்கோணும்?”

“பந்து மேல. நீ குழியவே பாக்கற. குழி எங்கியும் எந்திரிச்சுப் போயிராது. பாரு, இப்புடி.”

மணிக்கட்டு ஆடவில்லை. பந்து நான் இழுத்த தடத்தில் நிதானமாக உருண்டு போய்க் குழிக்குள் விழுந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புரிஞ்சுதா?”

“இல்லீங்க” என்றேன்.

அப்புறம்தான் அவர் குழியைப் பார்த்தார். பார்த்துவிட்டு அந்த எண்ணெய் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என்ன பேசிக்கொண்டீர்கள் என்று துரை கேட்டார். பாடம் நடத்தினார் என்று என் சரக்கு ஆபீஸ் இங்கிலீஷில் சொன்னேன். உனக்கு வந்ததா என்றார். வரவில்லை என்றேன். அவர் குழியிலிருந்து பந்தை எடுத்து வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். கணக்கு நாற்பத்தைந்து, அதில் சந்தேகமில்லை. வேலை இவனுக்கே, ஆனால் வருஷா வருஷம் இதேபோல் ஆடிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சொல்லிக்கொடுக்கிறவனுக்கு எவ்வளவு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும்? துரையின் கணக்குப்படி நாற்பத்தைந்து. தெரியாத ஒருவன் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, அவனுக்காக ஒரு அடியைச் சரியாக அடிக்கத் தெரிந்தால் போதுமென்று எனக்குத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்கத் தெரியாதவனாகவே இருந்தவன் சொல்வதால் இதற்குக் கொஞ்சம் மதிப்புக் குறைவாக இருக்கலாம்.

நான் ஓடிப்போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். வருஷா வருஷம் என்பதையும் சொன்னேன். அவள் சாக்கு முடிச்சில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

“அப்போ வருஷா வருஷம் நீயும் கூடப் போகோணும்.”

“போறேன்க்கா.”

“உனக்கு அந்த ஆட்டம் இன்னும் வரலியே?”

“துளிகூட வரலீக்கா.”

“வரவே வேண்டாம் சாமி” என்று சொல்லிவிட்டு, சாக்கை அவிழ்த்து முதல் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அக்காவின் பேச்சை இதுவரை தட்டியதில்லை.