அண்ணி எழுதும் கையேடுகள்

என் அண்ணி ஓர் எழுத்தாளர். சிரிக்காதீர்கள், மெய்தான். வாஷிங் மெஷின் பெட்டியைப் பிரித்ததும் ஒரு சின்னப் புத்தகம் நேராகக் குப்பைக்குப் போகிறதே, அதை எழுதுகிறவர். லிஃப்ட், தண்ணீர் ஃபில்டர், பிரஷர் பார்க்கும் கருவி என்று எழுதித் தள்ளியிருக்கிறார். ஒரு ஆளாவது படித்திருக்க வேண்டுமே! எங்கள் வீட்டு மெஷினுக்கும் அவர்தான் எழுதினார். கட்டிய புருஷன், அதாவது என் அண்ணன், இன்றைக்கும் எந்தப் பட்டனை அழுத்துவது என்று மெஷின் முன்னால் நின்றே கத்துவார்.

"எதுக்கு அண்ணி இவ்ளோ மெனக்கெடறீங்க? ரெண்டு வரி எழுதிட்டு விடுங்களேன்" என்பேன்.

"என்னிக்காவது ஒருத்தர் முழுசா படிப்பாங்கடி" என்பார். ஆசையைப் பாருங்கள்!

இந்த வருடம் அவருக்கு வந்தது வேறு மாதிரி வேலை. கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்கிற மென்பொருளை ஏஐ ஏஜென்ட்டே இயக்குவதற்கு அவர் அலுவலகத்தில் ஓர் இணைப்புக் கருவி செய்திருக்கிறார்கள். "தாளத்தைக் குறை" என்று எழுதினால் போதும், மவுஸைத் தொடாமலே குறையும். அந்தக் கருவிக்குத்தான் கையேடு. படிக்கப்போவது மனிதர் இல்லை, அந்த ஏஜென்ட்!

"மனுஷங்களே படிக்கல, இது படிச்சுக் கிழிக்கப் போகுதாக்கும்!" என்று நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணி கண்டுகொள்ளவே இல்லை. குளிக்கும்போதுகூட வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினார்: "நீ உருவாக்காத ஏதாவது காணாமல் போனால், எதையும் தொடாதே. நின்று கேள்." அலுவலகத்தில் அது வேண்டாத வரி, வெட்டிவிடலாம் என்றார்களாம். அண்ணி மல்லுக்கட்டி அதை வைத்துக்கொண்டார்.

சோதனை நடந்தது எங்கள் வீட்டுப் பின்னறையில். அண்ணன் அங்கேதான் விளம்பரங்களுக்கு இசை அமைப்பார். சுவர் முழுக்கப் பழைய மெத்தை, ஜன்னல் திறக்காது, ரெக்கார்டிங் என்றால் ஃபேனும் கிடையாது. ஏஜென்ட்டுக்கு அண்ணன் வைத்த பெயர் மாப்பிள்ளை. வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று தெரியாது, கேட்காமல் கை வைக்கும் என்பதால்.

அன்று ஒரு குடை விளம்பரத்துக்கு நான்தான் பாடினேன். சாயங்காலம் பாட்டை அனுப்பியாக வேண்டும். எனக்கோ சளி. காலையிலிருந்து பாடிப் பாடி ஒன்றும் தேறவில்லை. மாப்பிள்ளை ஒரு பக்கம் தாளம் சேர்த்துக்கொண்டிருக்க, வந்ததே பாருங்கள் ஒரு தடவை! நானா பாடினேன் என்று எனக்கே புல்லரித்துவிட்டது. முடித்துவிட்டு வாயைத் திறந்தால் வெறும் காற்று. தொண்டை போயே போச்சு.

அடுத்த நொடி, திரையில் என் குரலின் நீலப் பட்டை மறைந்தது.

தான் போட்ட தாளத்தின் சத்தம் மாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லையாம். கையேடு சொன்னபடி அன்டூ, அதாவது செய்ததை ரத்து செய்யும் கட்டளை, கொடுத்துத் தன் வேலையைத் திரும்ப எடுக்கப் பார்த்திருக்கிறது. ஆனால் அந்த மென்பொருளுக்கு யார் வேலை யாருடையது என்று தெரியாது. கடைசியாக நடந்ததுதான் முதலில் போகும். கடைசியாக நடந்தது என் பாட்டு.

"ஐயையோ!" என்று அண்ணன் மவுஸை நோக்கிப் பாய்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி அவர் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தார்.

"தொடாதீங்க! புதுசா ஒண்ணு செஞ்சா போனது திரும்பி வராது!"

"நான் தொடல, சரி. மாப்பிள்ளை அடுத்த வேலைக்குப் போயிடுமேடி!"

ஆமாம், போனால் போச்சு. எனக்கு அழக்கூடக் குரல் இல்லை. மூன்று பேரும் திரையையே பார்த்தோம். புள்ளி மட்டும் மினுக்கியது. பிறகு எழுத்துகள் வந்தன.

"நான் உருவாக்காத ஒரு குரல் பதிவு காணவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சொன்னபடி நிறுத்திவிட்டேன். ரீடூ கொடுத்து அதைத் திரும்பக் கொண்டுவரலாமா?"

"கொண்டு வா ராசா!" என்று கத்தியபடி அண்ணன் சம்மதம் தட்டினார். நீலப் பட்டை வந்தது, முழுசாக, ஒரு நொடியும் குறையாமல். அண்ணன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். நான் சத்தமே வராமல் கூச்சல் போட்டேன்.

அண்ணி பாட்டைக் கேட்கவில்லை. திரையில் இருந்த அந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் வந்திருக்குடி" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "முழுசா படிச்சிருக்கு!"

அதோடு விட்டாரா? தப்பு என்னுடையது, அன்டூ எல்லோருக்கும் பொது என்று எழுதாமல் விட்டுவிட்டேன் என்று உடனே கீபோர்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையேட்டின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொல்லி சைகை காட்டினேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். திறந்தார்.

"ஏய், வா! உன் குரலைக் கேளு, அசத்தியிருக்க!" என்று அண்ணன் ஹெட்போனை நீட்டினார்.

"இருண்ணா" என்றேன், வந்த காற்றில். "இன்னும் படிக்க நாலு பக்கம் இருக்கு."