சாமி பேரில் போட்ட பூட்டு

அவிநாசியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற கவினுக்குக் கைமணம் உண்டு. ஆனால் யார் எதைக் கேட்டாலும் மறைக்கத் தெரியாத மனுசன்.

போன வைகாசியில் பெருந்துறைக் கல்யாணத்துக்கு அவன் போனில் அனுப்பிய பலகாரப் பட்டியலில், மாப்பிள்ளை வீட்டார் யாரோ இளநீர் பாயசத்தை எழுதிச் சேர்த்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் போனை நீட்டி, "பாயசம் எங்கீங்க?" என்று கேட்க, கரண்டியும் கையுமாக முழித்தான் கவின். ஒத்துக்கொண்டதைப் போடாத ஆள் என்று பேராகிவிட்டது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

அடுத்து வந்தது சத்தியமங்கலம் அங்கப்பன் மகள் கல்யாணம். அங்கப்பனின் அப்பாவும் கவினின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள்; கவினுக்கு அவர் பெரியப்பா முறை. இந்தத் தடவை கவின் பட்டியலுக்குப் பூட்டுப் போட்டான். யாரும் படிக்கலாம், பாஸ்வேர்டு தெரிந்தால்தான் திருத்தலாம்.

மறுநாள் காலை பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அங்கப்பன் போட்ட அதே பட்டியல். நடுவில் புதிதாக ஒப்பிட்டு என்கிற போளியும், இடியாப்பம் மாதிரிப் பிழிகிற சந்தகையும்! பதறிப்போய் அவரைக் கூப்பிட்டான்.

"ஏனுங்க பெரியப்பா, பூட்டை எப்படீங்க தொறந்தீங்க?"

"நம்ம பங்காளி ஊட்டுப் பையன் நீ, வேற என்ன பேரு கண்ணு வெப்பே? செல்லாண்டியம்மன்னு அடிச்சேன். ஆத்தா தொறந்து உட்டுட்டா!"

பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஒரே குலசாமி என்பது கவினுக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவி கனிஷ்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வாங்கினாள்.

"மாமா, வேணுங்கிறதை எங்ககிட்டக் கேளுங்க. ஒப்பிட்டு போட்டுறலாங்க. சந்தகை பிழியத்தான் ஆளில்லீங்க."

"செரி அம்மணி, ஒப்பிட்டே போதும்."

ஒப்பிட்டை மட்டும் சேர்த்து, புதுப் பூட்டும் போட்டு அனுப்பினாள்.

"என்ன பேரு வெச்சே?" என்றான் கவின்.

"உங்ககிட்டச் சொன்னா சத்தியமங்கலத்துக்கே சொன்ன மாதிரிங்க."

கல்யாணத்தன்று பட்டியலில் இருந்ததெல்லாம் இலைக்கு வந்தது. யாரும் போனை நீட்டவில்லை. அங்கப்பன் மட்டும் ஒரு கையில் ஒப்பிட்டும் மறுகையில் போனுமாக உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, உன்ற பொறந்த ஊட்டுச் சாமி பேரையும் அடிச்சுப் பாத்துட்டேன். தொறக்க மாட்டேங்குதே!"

"சாமிகளை எதுக்கு மாமா தொந்தரவு பண்றீங்க? இன்னொரு ஒப்பிட்டு வெக்கட்டுங்களா?"

போனைச் சட்டைப் பையில் போட்டார் அங்கப்பன். "ரெண்டா வெய்யி."