தண்டவாளம் எழுதிய பெண்

போன ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் முனியன் வீட்டில் சாப்பிட்டேன். கிள்ளானில் மூட்டை தூக்கிய வேலை போய்விட்டது. வேலை போகும்போதெல்லாம் நான் போகிற வீடு அது.

முனியன் ரயில்பாதையில் கட்டை மாற்றும் கூலி. ரயில்வே லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், ஓர் அறை, மனைவி, ஒரே மகள் பாக்கியம். மறுநாள் அவளைப் பள்ளியில் சேர்க்கப் போவதாகச் சொன்னான். கோயில் கொட்டகையில் நடக்கிற தமிழ்ப் பள்ளி. இடம் குறைவு... நாலு எழுத்தாவது தெரிந்த பிள்ளையைத்தான் வாத்தியார் எடுப்பார். எடுக்காவிட்டால்? கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே போன பிள்ளைகள் பிறகு பால்மரத்தடிக்குத்தான் போகும். பள்ளிக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

"நானே சொல்லிக் குடுத்துட்டேண்ணே," என்றான் முனியன்.

முனியனுக்குத்தான் படிக்கத் தெரியாதே!

மெட்ராஸிலிருந்து வந்த படப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்தான். பக்கத்துக்கு ஓர் எழுத்து, கீழே படம், படத்தின் கீழே பொடி எழுத்தில் பெயர். பெயர் அவனுக்கு எதற்கு? படம்தான் இருக்கிறதே. படத்தைச் சொல்லிச் சொல்லி, மேலே இருந்த எழுத்தைப் பார்த்து எழுத வைத்திருக்கிறான்.

உ — உலக்கை. "கடப்பாரை," என்றாள் பாக்கியம்.

ஓ — ஓடம். "சம்பான்." கிள்ளான் ஆற்றில் போகிற படகு.

ஏ — ஏணி. இரண்டு பக்கமும் நீளக் கோடு, நடுவில் வரிசையாகக் கட்டைகள். "தண்டவாளம்," என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஒரே இரவில் எதைத் திருத்துவது? மெதுவாக ஆரம்பித்தேன். அது தண்டவாளம் இல்லையோ என்னவோ என்றேன். அதன் மேலேயே இத்தனை வருஷம் குனிந்து கிடக்கிறவனுக்கு அது தெரியாதா என்று அவன் கேட்டான். நானும் பாதியில் ஓடி வந்த படிப்புத்தான்.

காலையில் மூவரும் போனோம். வாத்தியார் பலகையில் 'ஏ' எழுதிக் காட்டினார்.

"தண்டவாளம்," என்றாள்.

வாத்தியார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார் — ஏன் என்னை? பலகையை அவள் கையில் கொடுத்து, 'ஏ' எழுதச் சொன்னார். பாக்கியம் விழித்தாள். அந்த எழுத்துக்கு அப்படி ஒரு பேர் உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வாத்தியார் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்.

அத்தை வீட்டுக் கைக்குழந்தை என் கண்ணுக்குத் தெரிந்தது.

முனியன் நகரவில்லை. "புரியற மாதிரி கேளுங்க வாத்தியாரே," என்றான். "பாப்பா, தண்டவாளம் எழுது."

எழுதினாள். அழகான 'ஏ'.

முனியன் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு படத்துக்கும் தான் வைத்த பேரை வாத்தியாருக்குச் சொன்னான். வாத்தியார், வேறு யாரும் கவனிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, "சம்பான்?" என்றார்.

'ஓ' வந்தது. கடப்பாரை கேட்டார், 'உ' வந்தது. புத்தகத்தை வாங்கிப் புரட்டி, வரிசையாக எல்லாவற்றையும் கேட்டார். படித்த மனுஷர், கூலிக்காரனின் பாஷையில் அரிச்சுவடி நடத்தினார். ஒன்றும் தப்பவில்லை.

"எழுத்தெல்லாம் இருக்கு. பேரை நான் மாத்திக்கறேன்," என்றார். "விட்டுட்டுப் போ."

'அ' என்றால் அணில்தான் என்று முதலில் முடிவு செய்தவர் யார்? அவருக்கும் யாராவது படம் காட்டித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகள் படத்தைப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறோம்... வீட்டைத்தான் படிக்கிறார்கள்.

சாயங்காலம் பாக்கியம் திரும்பி வந்து, அது ஏணி என்று அப்பாவிடம் சொன்னாள். முனியன் புத்தகத்தை வாங்கி, நிமிர்த்திப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"இப்படி நட்டு வெச்சா ரயில் எப்படிம்மா போகும்?" என்றான்.