ஒரே மாதிரி இரண்டு நீலப் பைகள்

தொண்ணூறுகளின் நடுவில் திருப்பதியில் நடந்தது இது. அக்கா வீட்டில் தங்கி டிப்ளமோ முடித்திருந்தேன். ரேணிகுண்டாவில் டி.வி. பாகங்கள் பொருத்தும் புதுக் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. நகரி பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் மாதச் சம்பளத்துக்குப் போனதில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டி, தினமும் சைக்கிளில் கொண்டுபோக ஒரு பை வாங்கக் கிளம்பிவிட்டேன். ஆறு கடை ஏறி இறங்கினேன். ஜோல்னா பை மிதிக்கும்போது முழங்காலில் இடிக்கும். ஒயர் கூடையை ஹேண்டில்பாரில் மாட்டினால் ஒரு பக்கமாக இழுக்கும். நீள வார் வைத்த பை என்றால் வார் சக்கரத்தில் சிக்கும். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நீல ரெக்சின் பை கண்ணில் பட்டது. கேரியரில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஃபைல் மடங்காமல் உள்ளே போனது, சிவப்பு ஜிப் வேறு.

அக்கா பார்த்ததுமே சிரித்தாள். “மலைக்கு வர்றவங்க எல்லாரும் இதத்தான் வாங்கிக்கினு போறாங்கோ. அடையாளத்துக்கு ஒரு துணியாவது கட்டுடி.”

புதுப் பையில் கந்தலைக் கட்டுவதா? நான் காதில் வாங்கவே இல்லை.

இன்டர்வியூ பதினோரு மணிக்கு. ஒன்பதரைக்கே கிளம்பினேன். ஊரைத் தாண்டுவதற்குள் பின் சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடை பெஞ்சில் பையை வைத்தேன். அங்கே ஒரு கணவனும் மனைவியும் ஆட்டோவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் புது மொட்டை, தலையில் சந்தனம். திருத்தணிப் பக்கத்துக்காரர்கள், பம்பாயில் கட்டட வேலை. ரேணிகுண்டாவில் பம்பாய் வண்டியைப் பிடிக்கப் போவதாகவும், ரிசர்வேஷன் கிடைக்கவே ஒரு மாதம் ஆனதாகவும் அந்த அம்மா சொன்னார். நானும் என் இன்டர்வியூ கதையை அளந்தேன். ஆட்டோ வந்ததும் அவசரமாக ஏறிப் போனார்கள். பஞ்சர் ஒட்டி முடித்ததும் பெஞ்சில் இருந்த பையைக் கேரியரில் வைத்துக்கொண்டு நானும் பறந்தேன்.

பாதி தூரம் போன பிறகுதான் கேரியரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன். ஜிப்பைத் திறந்தால் ஈர வேட்டி, ஈரப் புடவை, இரண்டு லட்டு. என் சர்டிபிகேட்டுகள், அத்தனையும் ஒரிஜினல், பம்பாய்க்குப் போய்க்கொண்டிருக்கின்றன!

அப்புறம் நான் மிதித்த மிதியை என்னவென்று சொல்ல? எதிரே வந்த லாரிக்காரர் திட்டியதுகூடப் பாதிதான் காதில் விழுந்தது. ஸ்டேஷன் வாசலில் சைக்கிளைப் போட்டது போட்டபடி, பையை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே கூடவே ஓடினேன். எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலை, மடியில் நீலப் பை. யாரென்று கண்டுபிடிப்பது? கடைசிப் பெட்டியும் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கண்ணு, இங்க பாரு.”

திரும்பினால் அந்த அம்மா. என் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மூட்டை முடிச்சோடு அவர் கணவர்.

“வண்டில ஏறி, துண்டு எடுக்கலாம்னு தொறந்தா உன் காயிதமா கீது. உடனே எறங்கிட்டோம். நீ வருவேன்னு இவருகிட்ட சொல்லிக்கினே இருந்தேன்.”

“ஐயோ, உங்க வண்டி போயிடுச்சேம்மா.”

“அது கெடக்குது. மத்தியானம் இன்னொரு வண்டி கீதாம், நின்னுக்கினு போறோம். லட்டு போனா மறுபடி வந்து வாங்கிக்கலாம். இத எங்க போய் வாங்குவ? பேசிக்கினு நிக்காத, ஓடு.”

அவர்கள் பையைக் கொடுத்துவிட்டு என் பையோடு ஓடினேன். வேர்வையில் தொப்பலாக நனைந்து, ஐந்து நிமிடம் தாமதமாகக் கம்பெனிக்குள் நுழைந்தேன். வேலை கிடைத்துவிட்டது. அன்றைக்கு என்னைப் போல் சந்தோஷப்பட்டவர்கள் ரேணிகுண்டாவிலேயே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் வெளியே வந்ததும் ஸ்டேஷனுக்குத்தான் ஓடினேன். அவர்கள் போய்விட்டிருந்தார்கள். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பம்பாய் ஒரு ராத்திரியும் பகலும் போகிற தூரம். ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்து, என் கையில் யாரோ ஒரு பெண்ணின் சர்டிபிகேட் கிடைத்திருந்தால், நான் இறங்கியிருப்பேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘இறங்கியிருப்பேன்’ என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.