குமுதா பிடித்த கயிறு

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கின் வாசல் குமுதாவின் ராஜ்யம். கன்டெய்னரின் முத்திரை லேசாக நெளிந்திருந்தாலும் லோரியை உள்ளே விடமாட்டாள். "இந்த ஒரு தடவ மட்டும் லா, அக்கா" என்று லோரிக்காரர்கள் குழைந்தால், "இந்த ஒரு தடவைய நான் தினம் கேக்குறேன், திருப்பு வண்டிய" என்பாள். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது, கட்டையான உடம்பு, நீளமான வாய். இவள் ஒரு காலத்தில் செங்குத்துப் பாறையில் விரல் நுனியால் தொங்கியவள் என்று சொன்னால் அந்த லோரிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அவர்களை விடுங்கள், பெற்ற மகளே சிரித்தாள்.

குமுதா சாலாக் செலாத்தானில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. பள்ளி முடிந்ததும் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. தொழிற்சாலை விளையாட்டு மன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களைப் பத்துமலைக்குப் பின்பக்கமுள்ள சுண்ணாம்புப் பாறைக்குக் கூட்டிப்போனது. மற்றப் பெண்கள் நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். இவள் பாறையில் ஏறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள், அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. வீட்டில் பத்துமலைக்குப் போகிறேன் என்றாள். கோயிலுக்குத்தான் போகிறாள், பக்தி முற்றிவிட்டது என்று அம்மா பூரித்துப்போனாள்.

அங்கேதான் விஷ்ணுப்ரியாவைச் சந்தித்தாள். பிரிக்பீல்ட்ஸ் பல் வைத்தியரின் மகள், கல்லூரி மாணவி. கயிறு அவளுடையது, கொக்கிகள் அவளுடையவை, குமுதா காலில் மாட்டியிருந்த பழைய ஏறுகாலணியும் அவள் கழற்றிப் போட்டது. கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். அதனால் இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கயிறு பிடித்தார்கள். மேலே ஏறுகிறவள் வழிநெடுகக் கொக்கிகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவாள்; கீழே நிற்பவள் அவளுக்கு வேண்டிய அளவு கயிற்றைத் தளர்த்தி விட வேண்டும், விழுந்தால் இறுக்கிக் காப்பாற்ற வேண்டும். அந்த வயதில் அதை நட்பு என்று நினைத்துக்கொள்வது சுலபம். குமுதாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏறி முடித்ததும் எல்லாரும் ஜபருல்லா அண்ணன் கடையில் ரொட்டி சானாய் தின்னக் கூடுவார்கள். யார் எதில் ஏறினார் என்பதை ஏறியவர் சொல்லக் கூடாது. கீழே நின்று கயிறு பிடித்தவர்தான் சொல்ல வேண்டும். நடுவில் விழுந்தாரா, கயிற்றில் தொங்கி இளைப்பாறினாரா என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்? தொங்கியிருந்தால் ஏறியது கணக்கில் சேராது. தன் பெருமையைத் தானே பேசுகிறவனை எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். நல்ல வழக்கம்தான், கயிறு பிடித்தவர் யோக்கியராக இருக்கிறவரைக்கும்.

பாறையில் ஒரு வழி இருந்தது. அதன் மேல்பாதியில் கல் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். தொந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆண்கள் சிலர் அதைத் தாண்டியிருந்தார்கள், பெண்கள் யாரும் தாண்டவில்லை. ஒரு வார நாளில், தொழிற்சாலையில் குமுதாவுக்கு ஓய்வுநாள், விஷ்ணுப்ரியா வகுப்புக்கு மட்டம் போட்டாள், இரண்டு பேர் மட்டும் போனார்கள். விஷ்ணுப்ரியா முதலில் ஏறினாள். தொந்திக்குக் கீழே கை விட்டுப்போய்க் கயிற்றில் தொங்கினாள். மறுபடி முயன்றாள், மறுபடி தொங்கினாள். இறங்கி வந்து அழுதாள். பிறகு குமுதா ஏறினாள். தொந்தியில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியைக் கல்லில் தேய்த்து, தோல் வழன்று, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள். ஒரு தடவைகூட விழவில்லை, தொங்கவில்லை. உச்சியிலிருந்து கத்திய கத்தலில் குரங்குகள் ஓடின. இறங்கியதும் விஷ்ணுப்ரியா அவளைக் கட்டிப்பிடித்து, "ஞாயித்துக்கிழமை கடையில நான் சொல்றேன் பாரு, எல்லார் மூஞ்சியும் எப்படிப் போகுதுன்னு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கிள்ளானிலிருந்து குமுதாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை விஜயன், கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். குமுதா முட்டிக் காயத்தைச் சேலையால் மறைத்துக்கொண்டு டீ கொண்டுவந்து வைத்த அதே நேரத்தில், ஜபருல்லா கடையில் விஷ்ணுப்ரியா, "குமுதாவால வர முடியல, அவ சொல்ல வேண்டியத என்னச் சொல்லச் சொன்னா" என்று ஆரம்பித்து, தொந்தியைத் தாண்டியது யார் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் குமுதா போனபோது எல்லாரும் தோளில் தட்டினார்கள். "நல்லாக் கயிறு பிடிச்சியாமே, குமுதா!"

குமுதா விஷ்ணுப்ரியாவைப் பார்த்தாள். விஷ்ணுப்ரியா தன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். லோரிக்காரர்களை ஓட ஓட விரட்டுகிற அந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது? வழக்கம் வாயைக் கட்டிவிட்டது. ஏறியவள் பேசக் கூடாதே! இவளே சொல்வாள், இப்போது சொல்வாள் என்று ரொட்டி ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு கல்யாணம் வந்தது, கிள்ளான் வந்தது, மாதவி பிறந்தாள். விஷ்ணுப்ரியா பயிற்சியாளரானாள், வெளிநாடுகளுக்குப் போனாள், பத்திரிகையில் வந்தாள். தொந்தியைத் தாண்டிய முதல் பெண் என்று அவள் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

விதியின் குசும்பைப் பாருங்கள், மாதவிக்கும் அதே பைத்தியம் பிடித்தது. கிள்ளானில் ஒரு பழைய கிடங்கைச் செயற்கைப் பாறைச் சுவராக மாற்றி ஏறுகூடம் நடத்தினான் தனேஷ் என்ற இளைஞன். மாதவி அங்கே சேர்ந்தாள். கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று தேடியபோது, "நான் பிடிக்கிறேன்" என்றாள் குமுதா. முடிச்சை அவள் சோதித்த விதத்தைப் பார்த்துத் தனேஷே அசந்துபோனான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி அவளுடையவை ஆயின. மகள் மேலே, தாய் கீழே. உலகத்தில் வேறெதுவும் அவளுக்கு இவ்வளவு பிடிக்கவில்லை.

ஒரு நாள் வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லிப் பார்த்தாள், தொந்தியை முதலில் தாண்டியது நான்தான் என்று. மாதவி வாய்விட்டுச் சிரித்தாள். "ம்மா, அது விஷ்ணுப்ரியா மேடம் லா. உலகத்துக்கே தெரியும். நீங்க கயிறு பிடிச்சீங்கன்னு வேணா சொல்லுங்க, நம்புறேன்." மகள் கெட்டவள் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு குமுதாவுக்கு முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. உலகம் நம்ப வேண்டாம். இந்த ஒருத்தி நம்ப வேண்டும். அதற்குப் பிறகு அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

இந்த ஆண்டு தனேஷ் ஒரு விழா வைத்தான். பாறையேற்றத்தில் முன்னோடிப் பெண்களை நினைவுகூரும் விழா. சிறப்பு விருந்தினர் விஷ்ணுப்ரியா. ஞாயிறு மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. உடை மாற்றும் அறையில் குமுதா அவளைத் தனியாகப் பிடித்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் விஷ்ணுப்ரியா ஒல்லியாக, வழவழவென்று இருந்தாள்.

"நீ மேடையில ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் குமுதா. "பேப்பர்ல போட வேணாம். என் மககிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லு, போதும். நான்தான் மொதல்ல ஏறினேன்னு சொல்லு."

விஷ்ணுப்ரியா கண்ணாடியில் முடியைச் சரிசெய்தாள். "ரெண்டு மாசம்தானேடி. ரெண்டு மாசம் கழிச்சு நானும் ஏறிட்டேன். இப்ப போய் எதுக்கு இதக் கெளர்ற?"

"அப்ப தெரியுது உனக்கு."

"எனக்குத் தெரியாதா? நான்தானே கயிறு பிடிச்சேன்." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் கொடுமை. "ஆனா நீ போயிட்ட குமுதா. கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்ட. நான் இருந்தேன். உன்ன மாதிரி ஒருத்தி ஏறினான்னு சொல்லியிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பாங்க. உன் பொண்ணு என்னப் பாத்துத்தானே ஏற வந்தா? அதக் கெடுக்காத." சொல்லிவிட்டுக் குமுதாவின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள்.

மேடையில் விஷ்ணுப்ரியா அழகாகப் பேசினாள். இடையில் குமுதாவைக் கைகாட்டி, "என் உயிர இவ கையில குடுத்துட்டுத்தான் அன்னிக்குத் தொந்தியத் தாண்டினேன்" என்றாள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தனேஷ் ஓடிவந்து குமுதாவுக்குப் பொன்னாடை போர்த்தினான். எல்லாரையும்விட பலமாகக் கைதட்டியது மாதவிதான். கயிறு பிடித்த அம்மாவுக்காக அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. குமுதாவுக்கு அந்தச் சால்வையைக் கழற்றி அங்கேயே கிழித்துப்போட வேண்டும் போலிருந்தது.

அதோடு விட்டிருந்தால் தொலைந்தது. "பழைய ஜோடி மறுபடி ஏறினா எப்படி இருக்கும்?" என்று தனேஷ் ஒலிபெருக்கியில் கேட்டான். கூட்டம் ஆரவாரித்தது. ஏறும்போது பேசுவதற்காக விஷ்ணுப்ரியாவின் சட்டைக் கழுத்தில் குட்டி மைக் மாட்டினார்கள். இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு குமுதா அவளுடைய முடிச்சைச் சோதித்தாள். முடிச்சு சரியாக இருந்தது.

விஷ்ணுப்ரியா ஏறினாள். கையில் பழைய பலம் இல்லை என்பது கீழிருந்து கயிற்றைப் பிடித்திருந்தவளுக்கு மட்டும் தெரிந்தது. சுவரின் மேல்பாதியில், கடைசியாக மாட்டிய கொக்கியைத் தாண்டிப் போய், அடுத்த கொக்கியில் மாட்டக் கயிற்றை இழுத்தாள். கயிறு வரவில்லை.

"கயிறு விடு" என்றாள். கூடமெங்கும் கேட்டது.

குமுதா விடவில்லை.

"குமுதா, கயிறு!"

"மொதல்ல யாரு ஏறினது?" கிடங்கு வாசலில் லோரியை நிறுத்துகிற குரல் அது. மைக்கே தேவைப்படவில்லை.

சிலர் சிரித்தார்கள், விளையாட்டு என்று நினைத்து. மேலே விஷ்ணுப்ரியாவின் ஒரு கால் கட்டையிலிருந்து வழுக்கி, தடுமாறி மறுபடி ஊன்றியது. அந்த இடத்தில் விழுந்தால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிடிக்கட்டைகளில் மோதிக்கொண்டுதான் விழ வேண்டும். சிரித்தவர்கள் அடங்கினார்கள். தனேஷ், "ஆன்டி, என்ன பண்றீங்க?" என்று ஓடிவந்தான். ஆனால் கயிறு பிடித்திருப்பவர்மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்பது எந்த ஏறுகூடத்திலும் முதல் பாடம். அவன் ஓர் அடி தள்ளி நின்று கைகளைப் பிசைந்தான்.

"யாரு ஏறினது, சொல்லு!"

"நீதான்!" என்று அலறினாள் விஷ்ணுப்ரியா. "நீதான்டி மொதல்ல ஏறின! நான் தொங்கினேன், நான் பொய் சொன்னேன், கயிற விடு!"

குமுதா விட்டாள். விஷ்ணுப்ரியா மாட்டினாள், தொங்கினாள், இறக்கப்பட்டாள். குமுதா அவளைப் பூப்போல இறக்கினாள். விழுந்திருந்தாலும் பிடித்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தரையில் கால் பட்டதும் விஷ்ணுப்ரியா மூச்சு வாங்கினாள், முகத்தைத் துடைத்தாள், சிரித்தாள். "உயிர் இன்னொருத்தர் கையில இருந்தா மனுஷங்க என்ன வேணா சொல்லுவாங்க, இல்லையா?" கூட்டத்துக்கு மூச்சு வந்தது. பாவம் என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், தோளைத் தடவினார்கள். ஓர் அம்மாள் குமுதாவைப் பார்த்து, "பொறாம இப்படியா கண்ண மறைக்கும்?" என்றாள். தனேஷ் குமுதாவின் இடுப்புப் பட்டையை அவனே அவிழ்த்தான். "மன்னிச்சிருங்க ஆன்டி. இனிமே இங்க வராதீங்க." பையன் மரியாதையாகத்தான் சொன்னான்.

எத்தனையோ வருடம் நெஞ்சில் கிடந்த உண்மையை அத்தனை பேர் காதிலும் விழவைத்துவிட்டாள். விழவைத்த விதத்திலேயே அதை யாரும் நம்பமுடியாதபடியும் செய்துவிட்டாள். பரவாயில்லை, அவளுக்கு வேண்டியது ஒருத்திதானே. வெளியே கார் நிறுத்துமிடத்தில், வெயிலில், மாதவி நின்றுகொண்டிருந்தாள். குமுதா அருகில் போனாள்.

"நான் நம்புறேன்மா" என்றாள் மாதவி. "மேடம் கத்துனப்ப அவங்க மூஞ்சியப் பாத்தேன். அது பொய் சொல்ற மூஞ்சி இல்ல. நீங்கதான் மொதல்ல ஏறியிருக்கீங்க. அன்னிக்குச் சிரிச்சதுக்கு சாரி."

 குமுதா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். மாதவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆனா இனிமே என் கயிற நீங்க பிடிக்காதீங்க."

"நான் அவள விட்டிருக்கவே மாட்டேன்டி. என் வலது கை ஒரு செகண்டுகூட கயிற விட்டு எடுக்கல. நீ பாத்தியே?"

"பாத்தேன். கையும் நடுங்கல, முகமும் மாறல. அவங்க எவ்ளோ நேரம் தாங்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சே நின்னீங்க." மாதவியின் குரல் உடைந்தது. "நீங்க தெரியாம பண்ணியிருந்தா நாளைக்கே உங்க கயித்துல ஏறுவேன்மா."

அவள் கார்ச் சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். தான் ரயிலில் வந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு, விஷ்ணுப்ரியாவைப் பார்க்க உள்ளே போனாள்.