முதல் கரண்டி யாருக்கு?

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம், வாயைத் திறக்க வைப்பதுதான் பெரும்பாடு. கஞ்சிக் கிண்ணத்தோடு நோயாளியிடம் மல்லுக்கட்டியவர்களே, நீங்களும் என் இனம்தான்.

முதல் நாள்

எண்பதுகளில் போளூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து காசியம்மாளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அடுப்படியில் புடவை பற்றி, முதுகும் இரண்டு கால்களும் வெந்துபோயிருந்தன. பிழைப்பதே சந்தேகம். தீயை வெறுங்கையால் அணைத்த புருஷன் சின்னாண்டிக்கும் இரண்டு கையிலும் கட்டு.

புண்ணைக் கட்டி, சலைன் ஏற்றியதும் டாக்டரம்மா அன்றைக்கே கஞ்சி ஆரம்பிக்கச் சொன்னார். தீப்பட்டவருக்குச் சில நாள் வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது என்று படித்தவள் நான், விடுவேனா? வாதாடினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குடலைப் பட்டினி போட்டா அதோட சுவர் பலமிழந்துடும் சிஸ்டர். உள்ளே இருக்கிற கிருமி ரத்தத்துல ஏறி உடம்பெல்லாம் பரவிடும். தீயில தப்பிச்சவ அதுல தப்ப மாட்டா."

ஆட்டுப்பட்டி

இதைச் சின்னாண்டிக்கு விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குடல், கிருமி, ரத்தம் என்று கால் மணி நேரம் திண்டாடினேன். பொறுமையாகக் கேட்டவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கே அப்போதுதான் சரியாக விளங்கியது.

"இன்னா நர்ஸம்மா, பட்டியில ஆட்டுக்குத் தழை போடலன்னா வேலிய ஒடச்சிக்கினு கொல்லையில பூந்துடும், அதான?"

வேண்டுதல்

ஆனால் காசியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசியில் முனகினாள்: "அவரு துன்னாரா?" இல்லை. பெண்டாட்டி எழுந்து உட்காரும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை என்று மலைச்சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடாமல் இவள் சாப்பிட மாட்டாளாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் சின்னாண்டி வராந்தாவுக்குப் போனார். மலையைப் பார்த்துக் கட்டுப்போட்ட கைகளைக் கூப்பி ஏதோ சொன்னார். திரும்பி வந்து, அவள் கண்ணெதிரே உட்கார்ந்து, என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு கரண்டி ஊட்டினேன். அவளும் திறந்தாள். அப்படியே மணிக்கொரு தரம், நாள் கணக்கில். கிருமி ரத்தத்தில் ஏறினால் வருமே என்று நாங்கள் பயந்த காய்ச்சல் வரவேயில்லை. மூன்றாம் மாதம் அவள் தன் காலாலேயே நடந்து பஸ் ஏறினாள்.

"சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டீர்களே, பயமில்லையா?" என்று பஸ்ஸடியில் சின்னாண்டியைக் கேட்டேன்.

"சாமி காத்துக்கினு இருக்கும் நர்ஸம்மா, ஆடுங்க இருக்காது."

நோயாளிக்கு முன்னால் அவள் புருஷனுக்கு ஊட்டு என்று எந்த நர்ஸிங் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.